ஞாயிறு மட்டும் பறிக்கும் போஞ்சி

அம்பிட்டிய

அன்புள்ள மகன் தினேஸுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது. நெதர்லாந்துக் குளிரில் நீயும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன முறை வந்தபோது, நல்ல விதையைக் கையில் கொடுத்தாலும் இந்தச் சனங்க ஏம்மா நடமாட்டேங்கிறாங்க என்று கேட்டாய். அதையேதான் அங்கே ஆராய்ச்சியாகவும் செய்கிறாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும், சொல்லத்தான் எரிச்சலாக வருகிறது.

உன் பேச்சைக் கேட்டு ஹுன்னஸ்கிரியவில் பேச்சியம்மா சித்தி தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலம் முழுவதும் அந்தப் புதிய செடிப் போஞ்சியைப் போட்டாள். கம்பு நட வேண்டாம், விளைச்சல் கூட என்று நீ சொன்னது உண்மைதான், காய் கொட்டியது. ஆனால் எல்லாம் ஒரே வாரத்தில், அதுவும் தேயிலைக் கொழுந்து பொங்கும் மாதத்தில். அவள் கொழுந்து பறித்து மலையிலிருந்து இறங்கி அடுப்பு மூட்டுவதற்குள் இருட்டிவிடும், சொந்த நிலத்தில் கை வைக்க ஞாயிறு மட்டும்தான். பழைய கொடிப் போஞ்சி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், இது அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிறன்று முற்றிப்போனதைப் பறித்துக் கண்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால், கடைக்கார நிஸாம் ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு, அக்கா இது போஞ்சியா முருங்கைக்காயா என்றானாம். விவசாய உத்தியோகத்தரிடம் நானே போய்ச் சொன்னேன். இவங்களுக்கு எத்தன தரம் சொன்னாலும் ஏறாது டீச்சர் என்கிறார். அவரை வகுப்பு வாங்கில் ஏற்றி நிற்க வைக்கலாம் போல் வந்தது எனக்கு. திங்கள் முதல் வெள்ளிக்குள் பரீட்சையை வைத்துவிட்டு, ஞாயிறு மட்டும் வரமுடிந்த பிள்ளையை மக்கு என்று எழுதுவதா? நீயும் குறைந்தவன் இல்லை ராசா. ஆராய்ச்சிக்கென்று நீ அனுப்பிய கேள்விகளில் வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது, நிலத்தின் அளவு இருக்கிறது. என்றைக்குப் பறிப்பீர்கள் என்று ஒரு கேள்வி இல்லையே.

புதுசு வந்துவிட்டதே என்று சித்தி எடுத்து வைத்திருந்த கொடி விதையை எல்லாம் ஊறப்போட்டுக் கறி வைத்துவிட்டாள். இப்போது அதைக் கேட்டு லயம் லயமாக ஏறி இறங்குகிறாள். ஒங்க ஆராய்ச்சிக்கார மகன்கிட்டயே கேளுங்க என்று கேலி செய்கிறார்களாம், இனி எந்தப் புது விதையையும் அங்கே ஒருவரும் தொடமாட்டார்கள். மழை பிடிக்குமுன் கிடைக்காவிட்டால் இந்தப் போகம் அவள் நிலம் சும்மா கிடக்கும். தினேஸ் பொய் சொல்லமாட்டான் அக்கா, எனக்குத்தான் கை பத்தல என்கிறாள். உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, சித்தியோடு பேச மறக்காதே. கட்டுக்கலைப் பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும். உன் பல்கனியில் இரண்டு சட்டி வைத்து, ஒன்றில் செடிப் போஞ்சியும் மற்றதில் கொடிப் போஞ்சியும் போடு. ஞாயிறு தவிர வேறு நாளில் காயில் கை வைக்காதே.

அன்புடன் அம்மா,
கலாராணி