பச்சை விளக்கு எரிகிறதா

நிலவின் தென்முனை, பனி அகழ்வு நிலையம்
எழுதுவது: மங்கையர்க்கரசி, கணினிப் பொறியாளர்

நாள் 212, காலை 08:50
தூங்கி எழுந்து வந்து பார்த்தால், கட்டுப்பாட்டு அறையில் திரை கறுத்திருக்கிறது. கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்துக் கிடக்கின்றன. அதனால்தான் இந்தக் காகித நோட்டு.

கண்டெடுப்பவருக்கு: கதிர்வீச்சுக்குப் பயந்து கணினியைச் சுரங்கத்தின் அடியில் வைத்திருக்கிறோம். மேலே இருப்பது திரையும் கீபோர்டும் மவுஸும் மட்டும். நடுவில் நீளக் கேபிள், இரு முனையிலும் சிக்னலைத் தூரம் கடத்தும் ஒவ்வொரு எக்ஸ்டெண்டர் பெட்டி. காற்று இயந்திரம் பழுது. ஒன்பது நாள் மூச்சுதான் மிச்சம். இங்கே இருப்பது இருவர்தான்; இன்று 11:45க்குள் நானும் விமானி எட்வினும் பூமிக்குக் கிளம்பியாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்புக்குப் பதினான்கு நாள். இன்றைக்குத்தானா இந்தச் சனியன் மக்கர் பண்ண வேண்டும்!

09:20
மேல்பெட்டிக்கு மின்சாரம் வருகிறது. இணைப்பைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை. அணைத்து, பத்து எண்ணி, போட்டேன். திரையை மாற்றினேன், கீபோர்டை மாற்றினேன். ம்ஹூம். கோளாறு கீழேதான்.

எட்வின் மேலே நிற்கும் விண்கலத்திலிருந்து ரேடியோவில்: "யக்கா, கீழ போயி ஒரு பார்வ பாத்துட்டு வந்திருங்க. நான் சாமானக் கெட்டி வைக்கேன். நீங்க இல்லாம கெளம்பிருவேனா?"

நாகர்கோவில்காரன். ஏழு மாதமாக என் ஊறுகாயைக் காலி செய்தவன். தங்கமான பையன்.

10:15
இறங்க ஐம்பது நிமிடம். முழங்கால் பிராணனை வாங்குகிறது.

கீழ்ப்பெட்டியில் இரண்டு கேபிள் இருக்க வேண்டும். ஒன்று என் அறைக்கு, மற்றது கலத்துக்கு. தரையில் நிற்கும்வரை கலத்தையும் இந்தக் கணினிதான் இயக்கும். கலத்தின் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. என்னுடையது கழற்றி, முனைக்கு மூடி போட்டு, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கேபிள் தானாக மூடி போட்டுக்கொள்ளாது. நேற்றிரவு இங்கே வந்தவன் எட்வின் ஒருவன்தான். சே, ஏதாவது காரணம் இருக்கும்.

10:24
அடுத்த சோதனை: பெட்டியைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த சின்னத் திரையையும் கீபோர்டையும் கணினியில் நேராகச் சொருகுவது. படம் வந்தது.

எரிபொருள் 52 சதவீதம். நேற்றிரவு கசிந்திருக்கிறது.
ஒருவர் போக 50 வேண்டும். இருவருக்கு 70.
புறப்பாடு 10:40. பயணிகள்: 1.

படுபாவி! இதை நான் பார்க்கக் கூடாதென்றுதான் கேபிளைப் பிடுங்கியிருக்கிறான். கண்டுபிடித்தாலும், நான் ஏறி வருவதற்குள் போய்விடலாம். காய்ச்சலில் பிதற்றியவனுக்கு மூன்று நாள் கண் விழித்துக் கஞ்சி கொடுத்தேனே. சொல்லியிருந்தால் சீட்டுக் குலுக்கியிருப்போம். அவன் மகளுக்கு நாலு வயது. நீயே போடா என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

10:29
"யக்கா? எனக்கும் திரை போச்சு. கீபோர்டும் வேல செய்யல. எதையும் தொட்டீங்களா?"

பெட்டியைக் கழற்றினால் அவன் கேபிளும் போச்சு. விமானிக்கு அது தெரியாது. கடைசி விசையை அழுத்தாமல் அவனால் கிளம்ப முடியாது. பெட்டியைக் கணினியோடு இணைக்கும் ஒயர் என் மடியில் இருக்கிறது. சொருக ஒரு நொடி.

கேட்டேன்: "எரிபொருள் எவ்வளவு தம்பி இருக்கு?"

உண்மையைச் சொன்னால் சொருகிவிடுவேன். சத்தியமாக.

10:31
"நெறைய கெடக்குக்கா. ரெண்டு பேருக்கும் தாராளம். நீங்க வாங்க, சேந்தே போலாம்."

10:33
ரேடியோவை எடுத்தேன்.

"பதறாத தம்பி. பச்சை விளக்கு எரியுதா?"
"இல்லக்கா."
"அணைச்சு, பத்து எண்ணிப் போடு."

11:08
"யக்கா, எரியல்லக்கா!"
"திரையை மாத்திப் பாரு. கீபோர்டையும்."

11:37
அழுகிறான். மகள் பெயரைச் சொல்கிறான். ஒயரைச் சொருகப் போனேன். சொருகப் போனேன்

"நேரமாவுது, சீக்கிரம் வாங்கக்கா, உங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கேன்" என்கிறான். இப்போதும்.

"இன்னொரு தடவை பத்து எண்ணு தம்பி."

11:46
கிளம்பும் நேரம் தாண்டி ஒரு நிமிடம். சொருகிவிட்டேன்.

"யக்கா! பச்சை வந்துட்டு! எப்படிச் சரி பண்ணுனீங்க?"

மேலே ஏற வேண்டும். முழங்கால் வலிக்கிறது. ஒன்பது நாள் இருக்கிறது, உட்கார்ந்து விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன்.