வெளியே எடுத்தால்தான் தெரியும்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கிது, மருமகள் சொல்லிக் கொடுத்தாள்.

பன்றிக் கொட்டடி கழுவியாச்சு. ஒரகடம் லேபுக்கு இன்றைக்கு ஒன்று கொண்டு போனேன், காது கிழிந்த பன்றி. மயக்க ஊசி போடுகிற வரைக்கும் என் கையை மோந்துகினு இருந்தது.

இருதயத்தை எடுத்துக் குழாயில் தொங்க விட்டார்கள். உள்ளே வெதுவெதுன்னு ஏதோ தண்ணி ஓடுது. துடிச்சிகினே கீது. அப்புறம் சாயம். அப்புறம் அசையாமல் இருக்க ஒரு மருந்து. துடிப்பு நின்றது, ஆனால் கரண்ட் ஓடுதாம். ரூம் விளக்கை அணைத்து, பச்சை லைட், கேமரா. டிவியில் அந்தக் கரண்ட், சிவப்பா ஒரு அலை, ஏரித் தண்ணிமேல் காத்து போகிற மாதிரி.

லேப் டாக்டர் நித்யா மேடம் இருதயத்தை ஒரு கம்பியால் சீண்டினார். அலை ஒரே இடத்தில் சுழி போட்டுச் சுத்துது, நகரவேயில்லை.

"மனுஷனுக்கு இப்படி ஆனா அங்கியே விழுந்துடுவான் ஐயா."

என் அண்ணன் அப்படித்தான் விழுந்து செத்தார். சேரப்பணஞ்சேரி நாற்றங்காலில், வாயில் வெற்றிலையோட. அதுக்கு முன்னே அப்பா, சைக்கிளில் இருந்து. ரெண்டு பேரும் கொஞ்ச நாளாவே கண்ணு இருட்டுதுன்னு சொன்னவங்க.

போன ஞாயிறு சர்ச் பூசையில் மகன் தேவாவும் அதையே சொன்னான். பெஞ்சைப் பிடிச்சிகினு.

செப்டம்பர் 3, புதன்

தூறல். தீவன வண்டி வரலை.

என் பையனை அந்தக் கேமராவில் ஒருதரம் பாருங்கன்னு மேடத்தைக் கேட்டேன்.

"இதயத்த வெளிய எடுத்தாத்தான் ஐயா இதுக்குத் தெரியும். சாயமும் மனுஷனுக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. உங்க அப்பா, அண்ணன் சங்கதிய மறக்காம சொல்லுங்க."

சாயங்காலம் தேவாவிடம் சொன்னேன்.

"இன்னாபா, பன்னி டாக்டர் ஆயிட்டியா? கண்ணு இருட்டுதுன்னு தெரிஞ்சா கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட விடுவானா? காண்ட்ராக்ட் வேலபா. கேட்டுக்கு வெளியதான்."



செப்டம்பர் 5, வெள்ளி

முதல் வெள்ளி. இருதய ஆண்டவர் படத்துக்கு மெழுகுவத்தி. அவருக்கு மட்டும் இருதயம் நெஞ்சுக்கு வெளியே, வெளிச்சத்தோட.

ஷூ மாட்டக் குனிந்த தேவா செவுத்தைப் பிடித்தான். நெத்தியெல்லாம் வேர்வை. அப்படியும் கிளம்பிட்டான். பின்னாலேயே போனேன். மண்ணூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் முன்னாடி போய் நின்னுட்டேன்.

"இவனுக்குக் கண்ணு இருட்டுது. ஃபோர்க்லிஃப்ட்ல ஏத்தாதீங்க சாமி."

உள்ளே ஒருத்தன், "பெருசு, புள்ளைக்கு லீவு கேக்க வந்துகிறியா?" பஸ்ஸே சிரித்தது. சூப்பர்வைசர் சிரிக்கலை. "மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கினு வா," தேவாவை இறக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி, பேப்பரில் கோடு எடுத்தார்கள். அப்பா கதை, அண்ணன் கதை, எல்லாம் சொன்னேன்.

"இப்ப நார்மலா இருக்கு. கண்ணு இருட்டுற நேரத்துல எடுத்தாத்தான் தெரியும். எதுக்கும் சென்னையில காட்டிடுங்க," டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தேவா சீட்டைக் கசக்கிப் பாக்கெட்டில் திணித்தான். கோடு போட்ட பேப்பரை மட்டும் மடங்காமல் கையில் பிடித்துகினான்.

"நார்மலாம். கேட்டுக்கினியா? நாளைக்கு இதக் காட்டிட்டு வண்டி ஏறுறேன்."

முன்னால் வேகமாக நடக்கிறான். கால் பின்னுதான்னு பார்த்துகினே பின்னால் நான்.