வாங்கலாமா மச்சான்?

என்றும் என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

நலமா என்று எழுத ஆரம்பித்த கை பாதியில் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால், "கேளு மாப்ளே, காசா பணமா?" என்று சிரித்திருப்பீர்கள். சரி, கேட்டுவிடுகிறேன். நலமா மச்சான்?

எதையும் வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த பழக்கம், இன்னும் விடவில்லை. எனவே எழுதப்போவது இவை:

1. நாங்கள் இப்போது இருக்கும் ஊர்.
2. இந்த வீடு.
3. இதை ஏன் வாங்கக் கூடாது என்பது. உங்கள் தங்கச்சிக்கு இந்த ஊர் ஒட்டாது.
4. உங்களிடம் ஒரு கேள்வி.

மூணாறில், மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட் குவாட்டர்ஸைக் காலி செய்துகொண்டு நாங்கள் மகள் கலாவோடு கோயம்புத்தூருக்குப் போனபோது, சாமான் ஏற்றிய லாரியை நீங்கள்தான் ஓட்டி வந்தீர்கள். வளைவுக்கு வளைவு உங்கள் தங்கச்சியை அழவிடாமல் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு கோயம்புத்தூர் வாடகை கலாவுக்குத் தாங்கவில்லை. கேரள எல்லை தாண்டி, வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் இந்த ஊரில் வீடு பிடித்தாள். இங்கிருந்து தினமும் மெமு ரயிலில் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அவள் மட்டுமல்ல, தெருவே போய் வருகிறது.

காலையில் ஒரே அமளியாக இருக்கும். ஒரு வீட்டில் மலையாளத்தில் திட்டு, அடுத்த வீட்டில் தமிழில் திட்டு, இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: ரயில் போய்விடும். ரயில் போனதும் தெரு அப்படியே அடங்கிவிடுகிறது. அப்புறம் வெயிலும், கணவாய் வழியாக வரும் அந்தக் காய்ந்த காற்றும், நாங்கள் இரண்டு பேரும்தான். மலைக் குளிரிலேயே வளர்ந்தவள் உங்கள் தங்கச்சி. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், பக்கத்துத் தோப்பில் யானை இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். நான் கதவைத் தாழ் போட்டேன். அவளோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுதான், பயப்படாதீங்க" என்றாள். உங்கள் ரத்தம்தானே?

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பழனிச்சாமி, நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில் வாடகைக்கென்று கட்டியது. எதிர்ப்புறம்தான் அவர் குடியிருப்பு. மழையில் பின்பக்கச் சாய்ப்பு ஒழுகியது. நான் பாத்திரத்தை வைத்துவிட்டு, விவரமாக ஒரு விண்ணப்பம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். குவாட்டர்ஸில் அதுதானே முறை? எழுதிக் கொடுத்தால் கம்பெனி ஆள் வருவான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஓடு ஒண்ணு நகந்திருக்குது. ஏறி நகத்தி வெச்சாத் தீந்துது. இதுக்கு எதுக்குங்க கடுதாசி?"

"யாருங்க ஏறுறது?"

"நீங்கதானுங்க! இல்லாட்டி நானு. வேற ஆரு வருவாங்க?"

அவரே ஏறி நகர்த்தினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வயதுவரை ஒரு வீட்டின் கூரையை நான் தொட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இந்த வருஷம் வெள்ளையடிக்க எப்போது வருவார்கள் என்றும் கேட்க நினைத்திருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

அந்தப் பழனிச்சாமி வீட்டை விற்கப்போகிறார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும், "குடியிருக்கறவங்களக் கேக்காமக் குடுக்க மாட்டனுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்றார். வாங்காவிட்டால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கலா பேங்கில் பேசிவிட்டாள். பத்திரத்தை இங்கே ஆதாரம் என்கிறார்கள். அது அம்மா பேரில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஆனால், "அப்பா சரின்னு சொன்னாத்தான்" என்று கடைசியில் என் தலையில் வைத்துவிட்டாள்.

நான் எப்போது தனியாக ஒன்றை முடிவு செய்திருக்கிறேன் மச்சான்? கலாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதைக்கூட நீங்கள்தான் சொன்னீர்கள். "ஒரு சட்டை எடுக்கவே ரெண்டு தடவ கடைக்குப் போய்ட்டு வெறுங்கையோட வருவே. நீயெல்லாம் வீடு வாங்கி..." என்று மூணாறு பஜாரில் எல்லார் முன்னாலும் கேலி செய்தீர்களே. அன்று கோபம் வந்தது. இன்று அந்தக் கேலிக்கு ஆள் இல்லை.

இதுவரை எழுதி வைத்தது புதன்கிழமை; மிச்சத்தை இன்று, சனிக்கிழமை எழுதுகிறேன். வியாழக்கிழமை உங்கள் தங்கச்சியிடம் என் காரணங்களைச் சொன்னேன். வெயில். பகலில் பேச ஒரு முகம் கிடையாது. ராத்திரி வந்து படுக்கிற ஜனம், யாரோடு ஒட்டுவது? உனக்காகத்தான் யோசிக்கிறேன் என்றேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பகலில் தெரு பூட்டிக் கிடப்பதால் கேஸ் சிலிண்டர்காரனும் கூரியர்காரனும் கேட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். எதிர்ச்சாரி டீச்சர்தான் முதலில், "சேச்சி, இதொண்ணு வெச்சோளூ" என்று சாவியை உங்கள் தங்கச்சி கையில் திணித்துவிட்டு ரயிலுக்கு ஓடியது. பிறகு ஒவ்வொருவராக. இப்போது சமையலறை அலமாரியில் சாவிக்கொத்தாகக் கிடக்கிறது. சிலிண்டரை வாங்கி உள்ளே வைப்பது, மழை வந்தால் மாடித் துணியை எடுப்பது எல்லாம் இவள்தான். நமக்கெதற்கு ஊரார் பொறுப்பு என்று நான் முணுமுணுத்ததுண்டு.

என் காரணங்களையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"முடிச்சிட்டீங்களா? ஒட்டலையாம்ல, எனக்கு! தெருவுல பாதிப் பேரு வீட்டுச் சாவி எங்கிட்டதான் கெடக்கு. சாயங்காலமானா எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போயிர்றாங்க. யாரும் திருப்பிக் கேக்காத சாவி ஒண்ணு வேணும்னு எனக்கு இருக்காதா?"

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பழனிச்சாமியிடம் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: கிணற்றுத் தண்ணீர், வில்லேஜ் ஆபீஸ் வரி, எல்லைக்கல். அவர் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முதலில், "வாங்கிக்கிறோம்" என்று வந்துவிட்டது.

"சந்தோசமுங்க. கையில ஏதோ கேள்வி எழுதிட்டு வந்தாப்பல இருக்குதுங்களே?"

"இருக்குங்க. அப்புறம் கேக்குறேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. நாலாவதாக உங்களிடம் கேட்க நினைத்தது, வாங்கலாமா என்பதுதான். உங்களைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன். கோபமா? இல்லை, மேலே எங்கேயோ ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிக்கிறீர்களா?

பால் காய்ச்சும் அன்று உங்களுக்கும் ஓர் இலை போடுவேன். உங்களுக்குப் பிடித்த மாதிரி ரசத்தில் மிளகைத் தூக்கலாகப் போடச் சொல்வேன். அடுத்த மழைக்கு ஓடு நகர்ந்தால் நானே ஏறுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. ஏணியை யாராவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டால்.

மூன்றாவதாக எழுதியது தவறு மச்சான். ஒட்டாமல் இருந்தது அவள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டில் குடியிருக்கப்போகும்
உங்கள் மாப்பிள்ளை