அண்ணனின் துப்பாக்கிப் பேச்சு

ஞாயிறு, 9 மார்ச் 2003. புதுப்பட்டினம்.

நாளைக் காலை அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்புகிறான். இந்த வருடத்தோடு சர்வீஸ் முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போடாமல் ஊரோடு வந்துவிடச் சொல் என்று அண்ணி என்னிடம் கேட்டிருந்தாள். அவள் சொன்னால் சண்டையாகிறது. அதற்காகத்தான் சாயங்காலம் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன்.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால்தான் அவன் வாய் திறப்பான். அமெரிக்கத் துப்பாக்கியில் பிஸ்டனே இல்லையாமே என்று ஆரம்பித்தேன்.

“ஆமாண்டா. சுட்டா வர்ற கேஸ் குழாய் வழியா நேரா உள்ள வந்து போல்ட்டத் தள்ளும், அடுத்த குண்டு ஏறும். வெயிட் கம்மி, குறி நல்லா நிக்கும். ஆனா கரி மொத்தம் உள்ளயே படியும். தொடச்சிகினே கெடக்கணும்.”

“உன்னுதுல?”

“கேஸ் பிஸ்டனத் தள்ளும், பிஸ்டன் மத்ததத் தள்ளும். கரி முன்னாடியே நின்னுடும். கனம்தான் பேஜாரு. இன்னாடா, காலேஜ்ல இதான் பாடமா?”

சிரித்தோம். பிறகு, “அடுத்த வருசம் வேற எடத்துல போடுவாங்க. அங்க புதுசு குடுப்பாங்களாம்” என்றான்.

கையெழுத்துப் போட்டுவிட்டான். அப்போதே புரிந்தது. ஏன் என்று கேட்பேன் என எதிர்பார்த்தானோ என்னவோ, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுலயும் பிஸ்டன்தானா?” என்றேன்.

மணலைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டான்.

வாசலிலேயே அண்ணி கேட்டாள். “இன்னா சொன்னாரு தம்பி?”

“யோசிக்கிறேன்னான் அண்ணி.”

பக்கத்து அறையில் அவனுக்குப் பெட்டி அடுக்குகிறாள். ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள்.