அந்தக் கேள்வியை எழுதச் சொன்னவருக்கு

அக்கா, இன்று காலை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், ஜூ டவுனில் ஒரு கிடங்கின் கதவு திறந்திருந்தது. சுக்கு நெடி மூக்கில் ஏறியது. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது.

அப்படியொரு கிடங்கில்தான் மூட்டை அடுக்கு சரிந்து உங்கள் இடுப்பெலும்பு முறிந்தது. பதினொரு வருடம் அங்கே சுக்கு தரம் பிரித்த உங்களை, "இவள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்றார் முதலாளி. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டீர்கள். படுக்கையிலிருந்து எழ முடியாததால், உங்கள் சாட்சியத்தைப் பதிவு செய்ய நீதிமன்றம் ஒரு கமிஷனரைச் சுள்ளிக்கல்லில் உள்ள உங்கள் வீட்டுக்கே அனுப்பியது. நான் உங்கள் வக்கீல். மலையாளம் பேசும் இந்த ஊரில், தமிழ் தெரியும் என்று நீங்களே தேடிப் பிடித்தவள். நான் தனியாக நடத்திய முதல் வழக்கு அது.

எதிர்த்தரப்பு வக்கீல் வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, "புருஷன் விட்டுட்டுப் போயல்லோ? இப்போ கூட யாரு தாமசம்?" என்றார். இப்போது உங்களோடு யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிறாராம்.

நான் உடனே எதிர்த்திருக்க வேண்டும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, சாட்சியை அவமானப்படுத்தும் கேள்வி. சட்டம் தெரியும், நாக்குதான் எழவில்லை. நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு அவரிடம் திரும்பினீர்கள்.

"அந்த மூட்டைய என் புருஷனா அடுக்கி வெச்சான்? அதுக்கும் இதுக்கும் என்ன பந்தம் சாரே?"

கமிஷனரின் பேனா நின்றது. "அது விட்டேக்காம்" என்றார்.

"விடாதீங்க. அவர் கேட்டத அப்படியே எழுதுங்க. நான் பதில் சொல்ல மாட்டேன்னதையும் எழுதுங்க. ஜட்ஜி படிக்கட்டும்."

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "ஆட்சேபிக்கிறேன், பதிவு செய்யுங்கள்." எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை, நானும் விடவில்லை. அன்று ஆறு முறை ஆட்சேபித்தேன்.

அவர்கள் போனதும் கேட்டீர்கள்: "முதல்ல வாயில என்ன, கப்பக்கிழங்கையா வெச்சிருந்தீங்க வக்கீலே?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்தக் கேள்விகள் அத்தனையையும் நீதிபதி நீக்கினார். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர்தான் என்று தீர்ப்பும் வந்தது. அதன்பிறகு ஊன்றுகோலுடன் வெளியே இறங்கிய முதல் நாளே, வேண்டுமென்றே அந்தக் கிடங்கு வாசல் வழியாக நடந்தீர்கள்.

இன்று சாட்சிக் கூண்டில் ஒரு ஹோட்டல் ஊழியர், சின்னப் பெண். "வீட்டுல கேக்கான் ஆளில்லையா, இப்படி ஊர் சுத்த" என்று அவளிடம் ஆரம்பித்தார் ஒரு வக்கீல். வாக்கியம் முடியும் முன்பே நான் எழுந்துவிட்டேன்.

"முழுசா கேட்டுட்டு எதிர்க்கலாமே மேடம், இருக்கூ" என்று என்னை உட்காரச் சொன்னார் அவர்.

நான் உட்காரவில்லை, அக்கா. அப்படியொரு கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருக்க இனி என்னால் ஆகாது.