ஒரே ஆளுக்கு மூன்று வணக்கம்

பிப்ரவரி 9
கடற்கரை ஓட்டல் முதலாளியம்மாவுக்கு இருபது புது அறைகள் கட்டக் கடன் பாஸாகிவிட்டது. பரிந்துரை எழுதியது கடன் அதிகாரியான நானேதான். ‘கடல் எங்கும் போகாது, பயணிகள் வந்துகொண்டே இருப்பார்கள்.’ மேலாளர் பாராட்டினார். தலைகால் புரியவில்லை எனக்கு.

நவம்பர் 3
இந்த ஊருக்கான நேரடி விமானத்தை நிறுத்திவிட்டார்களாம். கடல் அங்கேயேதான் இருக்கிறது.

ஜனவரி 17
இரண்டு தவணை வரவில்லை. ‘சாயங்காலம் வருகிறேன்’ என்று அக்காவுக்கு (முதலாளியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) போன் செய்துவிட்டுப் போனேன். புது மாடி முழுக்க விளக்கு. பால்கனிகளில் துண்டுகள். எதிரே வந்த மூன்று பயணிகளுக்கு வணக்கம் வேறு வைத்தேன். வீட்டுக்கு வந்து, “கூட்டம் தாங்கல, தெரியுமா?” என்று கணவரிடம் ஒரே பீற்றல். மேலாளரிடமும்.

ஜனவரி 21
ஓட்டலில் மறந்துவிட்டு வந்த குடையை எடுக்கக் காலையில் சொல்லாமல் போனேன். மாடியில் ஈ காக்கை இல்லை. துண்டுகளில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
“நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் லைட்டு போட்டேன். நம்ம சமையல்காரரைச் சட்டை மாத்தி மாத்தி நடக்கச் சொன்னேன்” என்றார் அக்கா.
அப்படியானால் நான் வணக்கம் வைத்த மூன்று பேரும் — ஒரே ஆள்! அவரும் மூன்று முறையும் பவ்யமாகத் தலையாட்டினாரே. நிபுணராம் நான்!
சிரித்துவிட்டேன். அக்கா அழுதுவிட்டார். அவர் குடியிருக்கும் வீடும் அடமானத்தில் இருக்கிறது. அதையும் சேர்க்கச் சொன்ன புண்ணியவதி யார்? நான்தான்.

ஜனவரி 22
மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன்.
“ஏலத்துக்கு விட்டுடலாம்.”
“யார் சார் வாங்குவாங்க? வாங்கறவரும் நம்மகிட்டதான் கடன் கேப்பாரு.”
என் வாயா இது?
“சரி, ஒரு வாரத்துல வேற வழி சொல்லுங்க. பதவி உயர்வை மட்டும் மறந்துடுங்க.”

ஜனவரி 26
வழியா? பல்வலிதான் வந்திருக்கிறது.

ஜனவரி 28
பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சு. நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் புலம்பினாள்: “ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கறோம்டி. வாடகைக்கு இடமே கிடைக்கல.”
துள்ளி எழுந்து, “ஊம் இஉக்கு! ஊம் இஉக்கு!” என்று கத்தினேன். டாக்டர் என் தோளை அமுக்கி, “ரொம்ப வலிக்குதாம்மா?” என்றார்.

மார்ச் 4
தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. புது மாடி நர்சுகளுக்கு மாத வாடகைக்கு. சீசனில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் சின்னது. முதலிலேயே இப்படிப் போட என்ன கேடு எனக்கு?

ஏப்ரல் 5
பதவி உயர்வு பக்கத்து மேசைக்காரருக்கு. கை கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் எரிந்தது — பொய் எதற்கு?
மதியம் அக்கா தவணை கட்ட வந்தார். கட்டிவிட்டு நகராமல் நின்றார்.
“ரசீது குடுங்க மேடம்.”
“இத்தனை நாள் கேட்டதே இல்லையேக்கா?”
“உங்களை நம்பறேன். உங்க கணக்கைத்தான் நம்பல.”
கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் எதிரிலேயே வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.