பொங்கலுக்கு மட்டும் என் கணவராக இருந்தவருக்கு

இன்று காலை விடுதியின் பின்பக்கக் கொட்டகைக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. யாரோ மாட்டுக் கொம்புகளுக்குப் பச்சையும் சிவப்பும் பூசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாடுகள் இல்லை. பூசுகிற கையும் உங்களுடையது இல்லை. துவைத்த படுக்கை விரிப்பு மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் குறுக்கு விசாரணை மாதிரிதான் இருந்திருக்கும்.

நாம் சேர்ந்து நின்றதே ஒரு பொய்க்காக. மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கிற நாட்களில் கடற்கரைச் சாலை விடுதிகளெல்லாம் வெளிநாட்டுக்காரர்களால் நிரம்பிவிடும். சாயங்காலம் நடனம் பார்க்கப் போகிறவர்களுக்குப் பகலில் காட்ட ஏதாவது வேண்டும் என்று எங்கள் மேனேஜர் 'கிராமத்துப் பொங்கல்' ஒன்றை ஆரம்பித்தார். தோட்டத்தில் ஓலைக் குடிசை, வாசலில் கோலம், கல் அடுப்பு, மாட்டு வண்டி. குடிசைக்கு ஒரு குடும்பம் தேவைப்பட்டது. சலவைப் பிரிவில் இருந்த நான் படாளத்துக்காரி, பொங்கல் வைக்கத் தெரிந்தவள், அதனால் மனைவியானேன். கடப்பாக்கத்திலிருந்து வண்டியும் மாடும் ஓட்டிவந்த மாட்டு வியாபாரி நீங்கள். மீசை எடுப்பாக இருக்கிறது என்று மேனேஜர் உங்களைக் கணவராக்கினார். எனக்கு லட்சுமி என்றும் உங்களுக்கு முருகேசன் என்றும் அவரே பெயர் வைத்தார்.

முதல் வருஷம், கல்யாணமாகி எவ்வளவு காலம் ஆகிறது என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கைடு மூலமாகக் கேட்டார். நான் திகைத்து நிற்கும்போதே நீங்கள் சொன்னீர்கள்: "இருவது வருசம் ஆச்சு. என் மாமன் பொண்ணுதான்." எல்லோரும் கை தட்டினார்கள். கண் இமைக்காமல் பொய் சொல்கிற ஆள் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

அதற்கு எனக்குக் காரணம் இருந்தது. உங்களிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. என்னைக் கட்டியவர் சென்னைக்கு வேலைக்குப் போய், அங்கே ஒரு பெண்ணிடம் தன் மனைவி செத்துவிட்டாள் என்று சொல்லியிருந்தார். அவர் சனிக்கிழமை வருவார் என்று நான் படாளத்தில் உலை வைத்துக் காத்திருந்தேன். சென்னையில் அந்தப் பெண்ணின் வீட்டில் நான் எப்போதோ செத்துப்போயிருந்தேன். அந்தப் பெண்ணே போன் செய்து அழுத பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஆண்பிள்ளை எது சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்று மதியம் வேப்ப மரத்தடியில் சாப்பிடும்போது நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள்: "வூட்ல தங்கச்சி குடும்பந்தாம்மா. பொண்டாட்டி செத்துப் பூட்டா."

நான் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தேன். கடப்பாக்கத்தில் ஒருத்தி தான் செத்துப்போனது தெரியாமல் மீன் குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். அதையும் நம்பவில்லை.

அடுத்த வருஷம் உங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். கரும்பு நட்டீர்கள், வண்டியில் வெளிநாட்டுக் குழந்தைகளை ஏற்றிச் சுற்றினீர்கள், புகை என் கண்ணில் அடிக்காமல் ஓலைத் தட்டியை நகர்த்தி வைத்தீர்கள். பானை பொங்கும்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினீர்கள். ஆனால் நான் கற்பூரத்தைக் கையில் எடுத்ததும் ஆளைக் காணோம். "மாட்ட பாத்துட்டு வந்துடறேன்" என்று கொட்டகைப் பக்கம் போய்விடுவீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வருவீர்கள். காலை பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்கும் அப்படித்தான், மாலைக் கூட்டத்துக்கும் அப்படித்தான்.

குடிக்கப் போகிறாரோ என்று வந்ததும் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை. அப்படியானால் போன்தான் என்று முடிவு செய்தேன். ஒருமுறை கற்பூரத்தைக் கைடிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தேன். நீங்கள் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தீர்கள். போன் சட்டைப் பையில் இருந்தது. என் காலடி கேட்டதும் வைத்துவிட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து கூட்டம் கலைந்து வந்துகொண்டிருந்தது. அதில் தலையில் தொப்பியோடு நீங்கள். என்னைப் பார்த்ததும் ஒளியவில்லை, நேராக வந்தீர்கள்.

"இன்னாம்மா, இங்க?"

"இன்னாங்க இது? முருகேசன்னு சொன்னீங்க!"

"நான் எங்க சொன்னேன்? மேனேஜரு வெச்ச பேரு அது. உனுக்குக்கூடத்தான் லட்சுமின்னு வெச்சாரு. நீ லட்சுமியா?"

நான் விடவில்லை. "அதான் கற்பூரம் ஏத்தச்சொல்லோ நவுந்து பூடறீங்களா?"

"ஆமா. மாட்ட வெச்சுப் பொழைக்கிறவன் நானு. மாட்டுக்குப் பண்ற பண்டிகையில நிக்கிறதுல எனக்கு ஒண்ணியும் இல்ல. பொங்கலும் துன்றேன். ஆனா சாமி கும்புடற மாதிரி நடிக்க மட்டும் வராது. அது உன் சாமிக்கும் மரியாத இல்ல, எனக்கும் இல்ல."

"மத்ததெல்லாம் நல்லா நடிக்க வருதா?"

"மத்ததுன்னா?"

"புகைக்குத் தட்டிய நவுத்தி வைக்கிறது."

நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி, "அது நடிப்புன்னு யாரு சொன்னாங்க?" என்றீர்கள். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த ஆளுக்கு என்னிடம் என்ன வேண்டும்?

அடுத்த பொங்கலில் கற்பூரம் ஏற்றும்போது மேனேஜர் கேமராக்காரரோடு வந்து நின்றார். "உன் ஆளு எங்கம்மா? ஃபேமிலியா நின்னாத்தானே ஃபோட்டோ நல்லா வரும்?" என்று எரிச்சலாகக் கேட்டார். "மாடு மெரளுது சார். நான்தான் பாத்துக்கச் சொல்லி அனுப்பினேன்" என்றேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய். ஏன் சொன்னேன் என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பி வந்த உங்களிடம் கைடு அதைச் சொல்லிச் சிரித்தான். சாயங்காலம் கிளம்பும்போது ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை என் பையின்மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு வாரம் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு வறுத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

போன ஐப்பசியில், உங்களுக்கு மாடு பிடித்துக்கொடுக்கிற ஆள் விடுதிக்கு வந்து, நீங்கள் மார்வலியில் போய்விட்டதாகச் சொன்னார். எல்லாம் முடிந்து நாளாகியிருந்தது. நான் கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். துக்கம் கேட்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. அந்த வீட்டில் உங்கள் மனைவி இருக்கிறாளா என்று பார்க்கவும்தான் போனேன். இந்தக் கேவலத்தை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கதவைத் திறந்தது உங்கள் தங்கை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு? அவருக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணா வேல செஞ்சோம்."

"அவரு மாட்டு வியாபாரம் பண்ணாரு. பொம்பளைங்க யாரு கூட வேல செஞ்சாங்க?"

"மாமல்லபுரத்துல. பொங்கலுக்கு."

அவர் முகம் மெதுவாக மாறியது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். "தை பொறக்கப் போவுதுன்னா மீசைக்கு மை வாங்கியாருவாரு. இந்த வயசுல எதுக்குன்னு நாங்க சிரிப்போம். டூட்டின்னு சொல்வாரு" என்றார்.

நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அவங்க வூட்டம்மா?"

"அண்ணி மௌத்தாயி ரொம்ப வருசம் ஆவுது. பிரசவத்துல. கொழந்தையும் தங்கல. அப்புறம் யார் சொல்லியும் கட்டிக்கல."

டீ ஆறிப்போனது. உண்மையில் செத்துப்போன அந்தப் பெண்ணை என் மனதில் மிளகாய் அரைக்கவைத்து இத்தனை வருஷம் உங்களோடு நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் ஏன் என்று கேட்டாள். தெரிந்தவர் ஒருவர் போய்விட்டார் என்றேன்.

இந்த வருஷம் உங்கள் இடத்தில் புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து வருகிற இளைஞன். எனக்கு மகனாக இருக்கக்கூடிய வயது என்பதால் இந்தத் தடவை மகன் வேஷம். இன்று காலை பானையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தபோது, முதல் வருஷம் நம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்ட அதே வெள்ளைக்கார அம்மா வந்தார். இப்போது ஊன்றுகோலைப் பிடித்துத்தான் நடக்கிறார். என் கணவர் எங்கே என்று கைடைக் கேட்டார். மேனேஜர் சட்டென்று, "ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லு" என்றார்.

"செத்துட்டாருன்னு சொல்லு தம்பி" என்றேன் நான்.

கைடு மேனேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சொல்லிவிட்டான். அந்த அம்மா கோலைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "திருவிழா பாக்க வந்தவங்கம்மா, அழ வைக்கலாமா?" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

அந்த அம்மா ஏதோ கேட்டார். "உங்க வூட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு கேக்குறாங்கக்கா" என்றான் கைடு.

அடுத்து நான் சொன்னதை இவ்வளவு காலம் எவரைப் பற்றியும் சொன்னதில்லை. இனி யாரைப் பற்றியும் சொல்வேனா தெரியாது.

"என்கிட்ட பொய்யே சொல்லாத மனுசன்னு சொல்லு" என்றேன்.